இனிக்குது என்று சொன்னாள்

அந்த வேப்பிலை என் மகளுக்குக் கசந்ததா, இல்லையா? இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளிடமே பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒருநாள் கசந்தது என்கிறாள். இன்னொரு நாள் கற்கண்டு மாதிரி இருந்தது என்கிறாள். அப்போது அவளுக்கு நான்கு வயது. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நடந்தது அவளுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது, நான் கேட்டுக் கேட்டு அவளாக எவ்வளவு சேர்த்துக்கொண்டாள் என்பதையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

எங்கள் வீடு திண்டுக்கல்லில் குஜிலியம்பாறை போகும் பக்கம், ஊர் முடிகிற இடத்தில் இருந்தது. அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் வனத்துறை கம்பிவேலி போட்ட சின்னக் காப்புக்காடு ஒன்று வரும். காடு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். கருவேலம், உசிலை, ஆவாரை, நடுவில் மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும் ஒரு குட்டை, அவ்வளவுதான். மயில்கள் இருந்தன. முயலும் உண்டு என்பார்கள், நான் பார்த்ததில்லை. வேலியை ஒட்டிச் சுற்றிலும் செம்மண் வண்டிப்பாதை. ஆற அமர நடந்தாலும் உலை வைத்துச் சோறு வடிப்பதற்குள் ஒரு சுற்று வந்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் முதல் பூசை முடிந்து வந்ததும் மகளையும் நாயையும் கூட்டிக்கொண்டு அந்தப் பாதையில் நடப்பேன். மகளுக்கு அடிக்கடி மூச்சு இளைப்பு வரும். காலைக் காற்று நல்லது, நடக்கவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் சொன்னால் நான் செய்துவிடுவேன். நாய், என் கணவர் வேலை பார்த்த நூல்மில் வாசலில் குட்டியாகக் கிடந்தது. செவலை நிறம், நீளக்கால். அதற்கும் நடை வேண்டுமே என்று அதையும் சேர்த்துக்கொண்டேன். கணவருக்குப் பெரும்பாலும் ஞாயிறு காலையில் ஷிப்ட் இருக்கும்.

பார்க்கிறவர்களுக்கு நாங்கள் ஏதோ கொடைக்கானல் ஏரியைச் சுற்றுகிற மாதிரி இருந்திருக்கும். மகள் ஆவாரம்பூவைப் பறித்து நாயின் காதில் செருகுவாள். நாய் தலையை உதறும். அவள் சிரிப்பாள். என் கண் மட்டும் தரையிலேயே இருக்கும். முள், கண்ணாடிச் சில்லு, நாயின் காதில் உண்ணி, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. ஒரு சுற்று முடிந்து வீட்டு கேட்டைச் சாத்திய பிறகுதான் எனக்கு மூச்சு சீராக வரும்.

கீழ்ப்பக்க மூலையில் பெரிய வேம்பு ஒன்று, அதனடியில் வேல் ஊன்றிய கருப்புசாமி. அங்கே இரண்டு பக்கமும் வெள்ளையும் காவியும் அடித்த கல் நட்டிருக்கும். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல் வரைக்கும் யாரும் செருப்புப் போட்டு நடக்கமாட்டார்கள். ஆடு மேய்க்கிறவர்கள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்களிடம் யாரும் கழற்றச் சொன்னதில்லை. கழற்றினால் நம் வேதத்துக்கு ஆகாதோ, கழற்றாவிட்டால் ஊர்க்காரர்கள் மனசு நோகுமோ என்று நான் ஒரு வாரம் குழம்பினேன். கணவரிடம் கேட்டேன். "செருப்பக் கழத்துனா வேதம் மாறிருமா? பேசாமக் கழத்திட்டுப் போ" என்றார். அன்றிலிருந்து நானும் கழற்றினேன், மகளையும் கழற்ற வைத்தேன்.

அந்த ஞாயிறு ஐப்பசி மழைக்குப் பிறகு வந்தது. பாதையின் இரண்டு ஓரமும் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. கல் அருகே வந்ததும் செருப்பைக் கழற்றினோம். மகள் அவளுடைய செருப்புகளை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு ஜால்ரா மாதிரி தட்டிக்கொண்டே வந்தாள். எனக்கு ஒரு கையில் நாயின் கயிறு, இன்னொரு கையில் என் செருப்பு. அவள் கையைப் பிடிக்க எனக்குக் கை இல்லை.

நாய் நின்றது. முதுகு மயிர் நெட்டுக்குத்தலாக எழுந்தது. பிறகு வலதுபக்கப் புதரைப் பார்த்துக் குரைத்துக்கொண்டு இழுத்தது. இதில் விசேஷம் ஒன்றுமில்லை. அந்த நாய் ஓணானைப் பார்த்தாலும் இப்படித்தான் குரைக்கும், காற்றில் பறக்கிற காகிதத்தைப் பார்த்தாலும் இப்படித்தான். நான் இரண்டு எட்டு இழுபட்டேன். அப்போதுதான் பின்னால் குரல் கேட்டது.

"அம்மா, குத்திருச்சு."

திரும்பினேன். மகள் புல்லுக்குள் நின்றுகொண்டிருந்தாள். வெளிக்கணுக்காலுக்குச் சற்று மேலே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிவப்புப் புள்ளிகள். ஒன்றில் ரத்தம் மணி போல நின்றது. அவள் காலடியில் ஒரு கருவேலங்கிளை விழுந்து கிடந்தது. கருவேல முள் இரண்டிரண்டாகத்தான் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் முள் என்று நினைத்தேன். அடுத்த நொடியே, முள் என்றால் பாதத்தில் அல்லவா குத்தியிருக்கும், கணுக்காலில் எப்படி என்று நினைத்தேன். அவளுக்குப் பின்னால் புல் அசைந்தது. அது அவள் கால்பட்டு அசைந்ததா, காற்றில் அசைந்ததா, வேறு எதனாலாவதா என்று எனக்குத் தெரியவில்லை.

மகளைத் தூக்கி வேம்படிக்குக் கொண்டு வந்தேன். நான் விலங்கியல் படித்தவள். பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே கட்ட வேண்டும் என்று பாடப்புத்தகத்தில் படம் போட்டிருந்தது நினைவுக்கு வந்தது. அவள் தலை ரிப்பனை அவிழ்த்துக் கட்டினேன். கால் வெளுத்த மாதிரி தெரிந்ததும் பயந்துபோய் அவிழ்த்தேன். அவிழ்த்தது தப்போ என்று மறுபடியும் கட்டினேன்.

வேலி ஓரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா நாய் குரைத்ததைக் கேட்டு வந்தார். ஞாயிறுதோறும் பார்க்கிற முகம். இருவரும் சிரித்துக்கொள்வோம், பேசியதில்லை.

"ஏத்தா, புள்ளைக்கு என்ன?"

காலைக் காட்டினேன். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"பூச்சியக் கண்ணால பாத்தியா?"

பாம்பு என்ற சொல்லை அந்த இடத்தில் வைத்துச் சொல்லமாட்டார்கள்.

"பாக்கலை, பெரியம்மா. முள்ளாக்கூட இருக்கலாம்."

"இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். செத்த பொறு." எட்டி ஒரு கொத்து வேப்பிலையை ஒடித்தார். "இதத் திங்கக் குடு. கசந்தா முள்ளு. கசக்கலைன்னா பூச்சிதான்."

விஷம் ஏறியவர்களுக்குக் கசப்பு தெரியாது என்று எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் இலையை வாங்கி மகளிடம் நீட்டினேன். ஏதோ ஒரு பதில் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

அவள் இலையை வாயில் போட்டு மென்றாள். முகம் சுளிக்கவே இல்லை. என்னைப் பார்த்தாள். பிறகு, "கசக்கலையே" என்றாள்.

பெரியம்மாவின் முகம் மாறியது. "நல்லா மென்னு சொல்லு, ஆத்தா."

"இனிக்குது" என்றாள் என் மகள்.

விஷம்தான் என்று முதலில் நினைத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் விஷயம் உறைத்தது. இளைப்பு வருகிற குழந்தை என்பதால் அவளுக்கு மருந்து கொடுக்காத மாதமே கிடையாது. டானிக், குடல்பூச்சி மருந்து, வேப்பங்கொழுந்து அரைத்த உருண்டை. முதலில் எல்லாவற்றையும் துப்புவாள். நான்தான் ஒரு விளையாட்டு பழக்கினேன். விழுங்கியதும் "கசக்கலையே" என்று ராகமாகச் சொல்ல வேண்டும். சொன்னால் நான் கைதட்டுவேன். "இனிக்குது" என்றால் இன்னும் பலமாகத் தட்டுவேன். ஊசி போட்டால் "வலிக்கலையே". கிளினிக்கில் மற்ற தாய்மார்கள் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இப்போதும் அவள் அதே ராகத்தில்தான் சொன்னாள். கைதட்டுவேன் என்று என் கைகளைத்தான் பார்த்தாள்.

"கண்ணு, இப்ப விளையாட்டு இல்ல. நெசமாச் சொல்லு. கசக்குதா?"

அவள் யோசித்தாள். நான் என்ன எதிர்பார்க்கிறேன் என்று கண்டுபிடிக்கப் பார்த்தாள் என்று இப்போது தோன்றுகிறது. "ரொம்ப இனிக்குது" என்றாள்.

கொத்திலிருந்து ஒரு இலையைக் கிள்ளி நானும் மென்றேன். எனக்கும் கசக்கவில்லை. வாய் உலர்ந்துபோய் வெறும் சக்கையை மெல்லுகிற மாதிரி இருந்தது. அந்த மரத்து இலையே அப்படியோ, பயத்தில் என் நாக்கு செத்துப்போயிற்றோ.

பாதையில் பால்கேன் கட்டிய மொபெட் வந்தது. பெரியம்மா கையை நீட்டி மறித்தார்.

"ஏலே, கேனை எறக்கி வையி. புள்ளையப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

பால்காரர் காலைப் பார்த்தார். "முள்ளு மாதிரில்ல இருக்கு, அத்தை."

"ஒனக்கு எல்லாமே முள்ளு மாதிரிதான் இருக்கும். வேப்பல இனிக்குதுங்குது புள்ள. எறக்குடா."

அவர் கேனை வேம்படியில் இறக்கினார். நான் மகளை மடியில் வைத்துப் பின்னால் உட்கார்ந்தேன். நாயின் கயிற்றை எப்போது விட்டேன் என்று தெரியாது. வண்டி கிளம்பியதும் அது கயிறு தரையில் இழுபட எங்கள் பின்னாலேயே ஓடி வந்தது. மெயின்ரோட்டில் லாரிகள் குறுக்கே வந்ததும் காணாமல் போயிற்று. அதைப் பற்றிக் கவலைப்பட எனக்கு மனசில் இடம் இல்லை.

"அம்மா, தூக்கம் வருது" என்றாள் மகள்.

சில பாம்புகளின் விஷம் ஏறினால் முதலில் கண்ணிமை இறங்கும் என்று படித்திருக்கிறேன். ஆனால் முதல் பூசைக்காக இருட்டோடு எழுப்பிய குழந்தைக்குத் தூக்கம் வரத்தானே செய்யும். ஒவ்வொரு ஞாயிறும் வீட்டுக்கு வந்ததும் தூங்கிவிடுவாள். இது அந்தத் தூக்கமா, இந்தத் தூக்கமா? தொடையில் கிள்ளினேன். கண்ணைத் திறந்தாள். திரும்பவும் மூடினாள். திரும்பவும் கிள்ளினேன். "வலிக்குதா கண்ணு?" என்றேன். "வலிக்கலையே" என்று முனகினாள். பால்காரர் திரும்பிப் பார்க்காமல், "பேச்சுக் குடுத்துக்கிட்டே வா, தங்கச்சி. இந்தா வந்துருச்சு" என்றார்.

ஆஸ்பத்திரியில் பணியில் இருந்தது ஒரு இளம் பெண் டாக்டர். கட்டை அவிழ்த்துப் போட்டார். காலைத் துடைத்துப் பார்த்தார்.

"பாம்பைப் பார்த்தீங்களா?"

"இல்ல டாக்டர்."

"அப்புறம் எதை வச்சுச் சொல்றீங்க?"

வேப்பிலையைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் எதையாவது மென்றுவிட்டுத்தான் வருகிறார்கள் என்றார். ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு மேசைமேல் அசையாமல் நிறுத்தினார். உறைந்தால் நல்லது, உறையாவிட்டால் விஷம். சில பாம்புகளுக்கு இந்தச் சோதனை மட்டும் போதாது என்றும் சொன்னார்.

"மருந்து இருக்கு. ஆனா தேவையில்லாம ஏத்தக்கூடாது. சிலருக்கு அதுவே ஒத்துக்காது. பாப்பாவுக்கு என்ன செய்யுதுன்னு பார்த்துத்தான் முடிவு பண்ணணும்." பிறகு மகளிடம் குனிந்தார். "பாப்பா, கால் வலிக்குதா?"

"வலிக்கலையே."

"வயிறு?"

"வலிக்கலையே."

"எச்சில் முழுங்க முடியுதா? தொண்டை ஏதாவது செய்யுதா?"

"இல்லையே."

டாக்டர் தலையசைத்துக்கொண்டே ஒவ்வொன்றாக எழுதினார். இந்தப் பதில்களை வைத்துத்தான் மருந்து ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்யப் போகிறார். இந்தப் பதில்கள் எதற்கும் அர்த்தம் கிடையாது என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"டாக்டர், அவ சொல்றத வச்சு எழுதாதீங்க."

"ஏன்?"

"எதக் கேட்டாலும் அப்பிடித்தான் சொல்லுவா. நான் பழக்கியிருக்கேன்."

பக்கத்தில் நின்ற நர்ஸம்மா, "நல்லாருக்கே கதை" என்றார். "மத்த புள்ளைக ஊசியப் பாத்தாலே ஊரக் கூட்டும். உம்புள்ள வலிக்கலைங்குது. இதுவும் ஒரு கொறையாக்கும்?"

டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "தெளிவாச் சொல்லுங்க. பாப்பா சொல்றதை நான் நம்பலாமா, கூடாதா?"

மகள் கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கமெல்லாம் போய்க் கண் முழுதாகத் திறந்திருந்தது. வெளியே கூட்டிப் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆங்கிலத்தில் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் எதுவும் தோன்றவில்லை.

"நம்பாதீங்க, டாக்டர்" என்றேன்.

அதன்பிறகு டாக்டர் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. விரலை அசைத்துக் கண்ணால் தொடரச் சொன்னார். மேலே விட்டத்தைப் பார்க்கச் சொல்லி இமை இறங்குகிறதா என்று வெகுநேரம் கவனித்தார். ரப்பர் கையுறை ஒன்றைக் கொடுத்து ஊதச் சொன்னார். மகள் கன்னம் உப்ப ஊதினாள். ஐந்து விரலும் விறைத்து நின்றன. நர்ஸம்மா அதில் பேனாவால் கண்ணும் மூக்கும் வரைந்து கொடுத்தார். மற்ற நாளாக இருந்தால் மகள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

நான் மேசைமேல் இருந்த குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாதா மன்றாட்டைத் தொடங்குவேன், பாதியில் விட்டுப்போகும், முதலிலிருந்து தொடங்குவேன். கருப்புசாமியையும் நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் டாக்டர் வந்து குழாயைச் சாய்த்தார். ரத்தம் அடியிலேயே கட்டியாக நின்றது.

"உறைஞ்சிருச்சு. சாயங்காலம் வரை இங்கேயே இருக்கட்டும், பார்ப்போம்."

பால்காரர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து மில்லுக்குப் போன் செய்திருந்தார். மத்தியானம் கணவர் தலையெல்லாம் பஞ்சுத்தூசியோடு வந்தார். மகள் காலைப் பிடித்துப் பார்த்தார். "முள்ளுதான்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பாம்புன்னா இந்நேரத்துக்கு" என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

சாயங்காலம் விட்டுவிட்டார்கள். கிளம்பும்போது டாக்டரிடம் கேட்டேன், முள்தானா என்று. "முள்ளாவும் இருக்கலாம். கடிச்சும் விஷம் எறங்காம இருந்திருக்கலாம். அப்படியும் நடக்கும்" என்றார். வீட்டு வாசலில் நாய் படுத்திருந்தது. கணவர் அதன் வாயைப் பிளந்து, மூக்கு, கால் எல்லாம் தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

அடுத்த ஞாயிறு ஆடு மேய்க்கும் பெரியம்மா மகளின் செருப்புகளைக் கொண்டுவந்து கொடுத்தார். "கருப்பன் காப்பாத்திட்டான், ஆத்தா" என்றார். கணவர் முள் என்கிறார். என் அம்மா மாதா காப்பாற்றினாள் என்கிறார். மூன்று பேரிடமும் ஆமாம் என்று சொல்லியாயிற்று.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அதற்குப் பிறகு அவள் மருந்து குடித்தால் எதுவும் சொல்வதில்லை. நானும் கைதட்டுவதில்லை. சில மாதங்கள் கழித்து ஒரு காய்ச்சல் வந்தது. "எங்கே வலிக்குது கண்ணு?" என்று கேட்டேன். என் முகத்தையே பார்த்தாள். பிறகு கேட்டாள், "வலிக்குதுன்னு சொல்லணுமாம்மா, வலிக்கலைன்னு சொல்லணுமா?"

உள்ளதைச் சொல் என்றேன். திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் தலையணையில் சீழ் பட்டிருந்ததைப் பார்த்துத்தான் அவளுக்குக் காது வலி என்று தெரிந்தது. இரண்டு நாளாக இருந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

அழுதால் தப்பில்லை, வலித்தால் சொல் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அப்படிச் சொன்ன வாரமெல்லாம் அவள் எல்லாவற்றுக்கும் வலிக்கிறது என்றாள். தலைவாரினால் வலிக்கிறது, பள்ளிக்கூடப் பை வலிக்கிறது. அதையும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். நான் அந்தப் பக்கம் போகச் சொன்னால் அந்தப் பக்கம் போகிறாள், இந்தப் பக்கம் என்றால் இந்தப் பக்கம். கணவர், "சின்னப்புள்ள, மறந்துரும். நீதான் நோண்டிக்கிட்டே இருக்க" என்கிறார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் இளைப்பு இன்னும் அவளை விடவில்லை. மூச்சு முட்டுகிறதா என்று கேட்டால் அவள்தான் எனக்குச் சொல்ல வேண்டும், வேறு யார் சொல்ல முடியும்? இப்போதெல்லாம் அவள் தூங்கும்போது நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன்.

பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர்கள் இதைப் படிப்பீர்கள். நீங்கள் கசப்பு மருந்தை எப்படிக் கொடுத்தீர்கள்? குடித்து முடித்ததும் பிள்ளையிடம் என்ன சொன்னீர்கள்? ஒரு பிள்ளையின் முன்னால் அவள் சொல்வதை நம்பாதீர்கள் என்று சொல்லிவிட்டால், அவள் சொல்வதை நாம் நம்புவோம் என்று பிறகு அவளை எப்படி நம்ப வைப்பது? பேசிப் புரியவைக்க வேண்டுமா, பேசாமல் விட்டுவிட்டால் தானாகச் சரியாகிவிடுமா? உங்களுக்கு இப்படி நேர்ந்திருந்தால் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். சரிவராமல் போனதையும் சேர்த்து எழுதுங்கள்.